கேடயத்தைத் தாழ்த்தும் நொடி

‘டார்க் சோல்ஸ்’ விளையாடும்போது திரையின் இடது மேல் ஓரத்தில் இரண்டு கோடுகள் தெரியும். சிவப்புக் கோடு உயிர். அதன் கீழே இருக்கும் பச்சைக் கோடு தெம்பு. வாளை வீசினால் பச்சை குறையும். ஓடினாலும், உருண்டு தப்பித்தாலும், கேடயத்தில் அடி வாங்கினாலும் குறையும். சற்று நின்றால் மறுபடி ஏறும். ஆனால் கேடயத்தைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றால் மெதுவாகத்தான் ஏறும். தெம்பு சீக்கிரம் வேண்டுமென்றால், எதிரி கண்ணெதிரே நிற்கும்போதே கேடயத்தைத் தாழ்த்தியாக வேண்டும். அந்த நொடியில் உள்ளங்கை வியர்த்துவிடும். 2011-இல் ஹிடெடாகா மியாசாகியின் இயக்கத்தில் வந்த இந்த விளையாட்டின் இருட்டும் இடிந்த கோட்டைகளும் பயத்துக்கு மேடை போடுகின்றன. பயம் பிறப்பதோ ஒரு கோடு ஏறும் வேகத்தில்.

ரோல்பிளேயிங் கேம் என்றதும் நாம் கதையையும் பாத்திரங்களையும்தான் பேசுகிறோம். சண்டை, கதைக்கு நடுவே வந்துபோகும் சமாச்சாரம் என்று ஒதுக்கிவிடுகிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. இத்தகைய பல விளையாட்டுகளில் நம் கை மணிக்கணக்கில் செய்யும் வேலையே சண்டைதான். அதன் விதிகள்தான் நம்மை நிதானமாகவோ பதற்றமாகவோ வைத்திருக்கின்றன.

இதன் வேர் ஒரு மேசையில் இருக்கிறது. அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974-இல் வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’, சிறு பொம்மைப் படைகளை நகர்த்தி ஆடும் போர் விளையாட்டுகளிலிருந்து பிறந்தது. காலப்போக்கில் அதன் அடையாளமாகவே ஆகிவிட்டது 20 முகப் பகடை. ஒவ்வொரு முகமும் விழ 5 சதவீத வாய்ப்பு. பகடை உருண்டு நிற்கும்வரை மேசையைச் சுற்றி எல்லோரும் மூச்சைப் பிடித்துக் காத்திருப்பார்கள்.

அந்தக் காத்திருப்பு அப்படியே டிவி திரைக்கு வந்தது. 1986-இல் ஜப்பானில் வெளிவந்த ‘டிராகன் குவெஸ்ட்’டில், நீர்த்துளி வடிவில் சிரித்த முகத்துடன் ஸ்லைம் எதிரே வந்து நிற்கும். நீங்கள் எழுந்துபோய் டீ குடித்துவிட்டு வந்தாலும் அது சிரித்தபடி அங்கேயே நிற்கும். உங்கள் முறை முடியாமல் அதன் முறை வராது. சிறுவர் முதல் பெரியவர் வரை யாரும் அவரவர் வேகத்தில் யோசித்து ஆட முடிந்தது.

ஹிரோயுகி இட்டோ என்ற வடிவமைப்பாளர் ஃபார்முலா ஒன் கார் பந்தயம் பார்த்துக்கொண்டிருந்தபோது, வெவ்வேறு வேகத்தில் ஓடும் கார்கள் ஒன்றையொன்று முந்துவதைக் கவனித்தார். சண்டையில் ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கடிகாரம் ஓடினால் என்ன? 1991-இல் வந்த ‘ஃபைனல் ஃபேன்டஸி 4’-இல் அது நடந்தது. நீங்கள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே எதிரியின் முறை வந்துவிடும். அதில் அந்தக் கடிகாரம் கண்ணுக்குத் தெரியாது. அடுத்த ஆண்டு வந்த ஐந்தாம் பாகத்தில் அதை ஒரு கோடாகக் காட்டினார்கள். காயத்தை ஆற்றுபவரின் கோடு முக்கால்வாசி நிறைந்திருக்கிறது, பக்கத்தில் ஒருவர் சாகக் கிடக்கிறார், எதிரியின் கோடு மட்டும் திரையில் இல்லை. காத்திருப்பு என்ற அதே விஷயம் இங்கே தவிப்பாக மாறிவிட்டது.

பகடையும் மனித மனதைப் பார்த்து வளைந்துகொடுத்தது. ‘ஃபயர் எம்பளம்’ தொடரின் ஆரம்பகாலப் பாகங்களில் போரில் மாண்ட வீரர் பொதுவாகத் திரும்பி வருவதில்லை. அதனால் அடி விழுமா, தவறுமா என்பது உயிர்ப் பிரச்சினை. 90 சதவீதம் என்று திரை காட்டினால் நம் மனம் அதை நிச்சயம் என்றே எடுத்துக்கொள்கிறது. பத்தில் ஒருமுறை தவறும்போது ஏமாற்றிவிட்டார்கள் என்று கொதிக்கிறது. 2002-இல் வந்த பாகம், ஒரு எண்ணுக்குப் பதில் 0 முதல் 99 வரையுள்ள இரண்டு எண்களைக் குலுக்கி எடுத்து, அவற்றின் சராசரி திரையில் காட்டும் எண்ணைவிடக் குறைவா என்று பார்த்தது. சராசரி எடுத்தால் விடை நடுப்பக்கமாகவே குவியும், ஓரங்களுக்குப் போவது அரிது. கணக்குப் போட்டால் திரையில் தெரியும் 90 உண்மையில் 98.1. தெரியும் 10, உண்மையில் 2 சொச்சம். கணிதப்படி இது தவறான எண். ஆனால் ஆடுபவருக்கு இதுதான் நேர்மையான எண்ணாகப் படுகிறது. எனக்கு இன்றும் வியப்பு தீராத இடம் இது.

2015-இல் டோபி ஃபாக்ஸ் உருவாக்கிய ‘அண்டர்டேல்’ இன்னொரு கதவைத் திறந்தது. அங்கே எதிரியைக் கொல்லாமலே விட்டுவிடலாம். எதிரி தாக்கும்போது ஒரு சதுரப் பெட்டிக்குள் சிவப்பு இதயமாக நகர்ந்து தப்ப வேண்டும். வெளியே போனால் செத்துவிடுவாய் என்று வழிமறித்துச் சண்டையிடுகிறாள், தாயைப்போல் பார்த்துக்கொண்ட டோரியல். தீப்பந்துகள் மழையாய்ப் பொழிகின்றன. உங்கள் உயிர் குறைந்து குறைந்து கடைசித் துளிக்கு வரும்போது, நகராமல் அப்படியே நின்று பாருங்கள். தீப்பந்துகள் வளைந்து, இதயத்தைத் தொடாமல் இரு பக்கமும் விலகிப் போகின்றன.