களைப்பு, நெஞ்சிடி, தலைச்சுற்று: யோசனையா, வருத்தமா?

“ஒரே களைப்பாக் கிடக்குது பிள்ளை. நெஞ்சு படபடக்குது. தலை சுத்துது. ஒரு வேலையும் செய்ய ஏலாமல் கிடக்குது.”

குருநகரில் எந்த ஒழுங்கைக்குள் போனாலும் இப்படிச் சொல்லும் ஒருவரையாவது சந்திக்கலாம். வலை பொத்திக்கொண்டிருக்கும் அம்மா சொல்வார். விடிய எழும்பி நண்டு உடைக்கப் போய் வந்த அக்காவும் சொல்வார். அதற்கடுத்த வசனமும் அநேகமாக ஒன்றாகவே இருக்கும். “என்ன செய்யிறது, எல்லாம் யோசனைதான்.”

யோசிப்பதற்குக் காரணம் இல்லாமலில்லை. 1986ஆம் ஆண்டு ஜூன் மாதம் 10ஆம் திகதி மண்டைதீவுக் கடலில் தொழிலுக்குப் போன குருநகர் மீனவர்கள் 30 பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். 1993 நவம்பர் 13ஆம் திகதி புனித யாகப்பர் ஆலயம் விமானக் குண்டுவீச்சுக்கு உள்ளானது. 1995இல் ஊரே இடம்பெயர்ந்தது. அதன் பின்னரும் காணாமற் போனவர்கள், திரும்பி வராதவர்கள் என்று கணக்கு நீண்டது. 1986இல் இருபது வயதில் கணவனை இழந்த ஒரு பெண்ணுக்கு இன்று அறுபது வயதாகிறது. அந்த வயதில்தான் சலரோகமும் பிறசரும் இருதய வருத்தமும் வருகின்றன. துக்கமும் நோயும் ஒரே உடம்பில் இருக்கும்போது எது எதுவென்று பிரித்துப் பார்க்காமல் விடுவதுதான் ஆபத்து.

துக்கம் உடம்பில் நோவாக வெளிப்படும் என்பது கற்பனை அல்ல. யாழ்ப்பாணத்தின் உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரமும் வைத்திய நிபுணர் சிவயோகனும் போர்க்காலத்தில் இங்குள்ள பொதுமக்கள் ஏறத்தாழ 100 பேரிடம் ஓர் ஆய்வு செய்து 1994இல் வெளியிட்டார்கள். நெருக்கீட்டின் பாதிப்பு உடல் உபாதைகளாக வெளிப்பட்டவர்களே அதில் அதிகம். ஏறத்தாழ 40 வீதமானோர் அப்படி இருந்தார்கள். தலையிடி, நெஞ்சு நோ, உடம்பு உழைவு, எரிவு, பெருமூச்சு ஆகியவற்றை எங்கள் பெண்கள் பொய்யாகச் சொல்வதில்லை. அழ முடியாதவருக்காக உடம்பு அழுகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் இந்த உண்மை பரவலாகத் தெரிந்த பிறகு இன்னொரு பிழையும் சேர்ந்து வந்துவிட்டது. போரில் பாதிக்கப்பட்ட பெண் என்று தெரிந்தவுடன், அவர் எந்த வருத்தத்தைச் சொன்னாலும் “யோசிக்காதேங்கோ அம்மா, எல்லாம் சரியாகும்” என்று அனுப்பிவிடும் பழக்கம் சில இடங்களில் உண்டு. வீட்டாரும் அப்படித்தான், சில வேளைகளில் அந்தப் பெண்ணும் அப்படித்தான். இரத்தம் குறைந்து நிற்கும் ஒருவருக்கு ஆறுதல் வார்த்தை சொன்னால் இரத்தம் ஊறாது.

முதலில் இரத்தத்தைப் பாருங்கள்

களைப்புக்கு மிகச் சாதாரணமான காரணம் இரத்தச்சோகை. கண்ணின் கீழ் இமையை இழுத்துக் கண்ணாடியில் பார்த்தால் உட்புறம் சிவப்பாக இருக்க வேண்டும். அது வெளிறி இருந்தால், நாக்கும் நகமும் வெளிறி இருந்தால், தொடர்மாடியில் இரண்டாம் மாடி ஏறுவதற்குள் மூச்சு வாங்கி நெஞ்சு இடித்தால், சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். பச்சை அரிசி, ஐஸ், சோக்கட்டி போன்றவற்றைச் சாப்பிட ஆசை வருவதும் இரும்புச்சத்துக் குறைவின் அடையாளமாக இருக்கலாம். வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம்.

இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் என்று ஓர் எண் எழுதுவார்கள். கர்ப்பிணி அல்லாத பெண்ணுக்கு அது 12க்குக் குறையக் கூடாது. கர்ப்பிணிக்கு 11க்குக் குறையக் கூடாது. குறைந்தால் ஏன் குறைந்தது என்றும் கேட்க வேண்டும். மாதவிலக்கு கூடுதலாகப் போகிறதா, மூலத்தால் இரத்தம் போகிறதா, பூச்சித்தொல்லை இருக்கிறதா என்று பார்த்து அதற்கும் மருந்து செய்தால்தான் தீரும். மாதவிலக்கு நின்ற பிறகு இரத்தம் குறைவதும், நின்று ஒரு வருடத்துக்குப் பின் மீண்டும் இரத்தம் காண்பதும் சும்மா விடக்கூடிய விடயங்கள் அல்ல. உடனே வைத்தியரிடம் போக வேண்டும்.

இரும்புச்சத்துக் குளிசையைப் பிளேன்ரீயோடு விழுங்குகிறவர்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர். தேயிலைச் சாயம் இரும்பை உடம்பில் சேரவிடாது. தண்ணீரோடு, முடிந்தால் தேசிக்காய்த் தண்ணீரோடு குடியுங்கள். சாப்பாட்டோடும் தேநீர் வேண்டாம், ஒரு மணித்தியாலம் கழித்துக் குடிக்கலாம். மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம், அது குளிசையின் நிறம். குருநகர்ப் பெண்களுக்கு மீன் கிடைக்காமலில்லை. ஆனால் ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் போட்ட பிறகு சட்டியில் மிஞ்சிய குழம்பே தாயின் பங்காகிறது. இரத்தச்சோகையைப் பற்றிப் பேசும்போது இதைப் பேசாமல் விட முடியாது.

இரத்தம் சரியாக இருந்தும் களைப்புப் போகாவிட்டால் தைரோயிட் பரிசோதனை பற்றி வைத்தியரிடம் கேளுங்கள். அந்தச் சுரப்பி குறைவாக வேலை செய்தால் உடம்பு வைக்கும், மலச்சிக்கல் வரும், குளிர் தாங்காது, தலைமயிர் கொட்டும், மனமும் சோர்ந்து போகும். பார்ப்பவர்கள் ‘கவலையில் இருக்கிறா’ என்றுதான் நினைப்பார்கள். கூடுதலாக வேலை செய்தால் எதிர்மாறு: நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், வியர்க்கும், நன்றாகச் சாப்பிட்டும் மெலியும். இதைப் ‘பயம் பிடித்தது’ என்று நினைத்து நூல் கட்டியவர்களும் உண்டு.

சீனியும் பிறசரும்

அடிக்கடி தாகம், இரவில் பல தடவை சலம் போதல், காரணமில்லாமல் மெலிதல், பெண்ணுறுப்பில் அரிப்பு, ஆறாத புண், பாதத்தில் விறைப்பு ஆகியவை சலரோகத்தின் குணங்கள். வெறும் வயிற்றில் எடுத்த இரத்தத்தில் சீனி 126 அல்லது அதற்கு மேல் இருந்தால் சலரோகமாகக் கொள்வார்கள், பெரும்பாலும் இன்னொரு தடவை பார்த்து உறுதிப்படுத்துவார்கள். கரையில் வெறுங்காலோடு நடப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சிப்பி வெட்டியதும் மீன்முள் குத்தியதும் விறைத்த காலுக்குத் தெரியாது. இரவில் படுக்க முன் பாதத்தை வெளிச்சத்தில் பாருங்கள். கண் மங்கலானவருக்குப் பேரப்பிள்ளை பார்த்துச் சொல்லட்டும். ஒரு சின்ன வெட்டில் தொடங்கி விரலையும் காலையும் இழப்பதில் முடிந்த கதைகள் எங்களுக்குப் புதிதல்ல.

பிறசர் வேறு மாதிரி. பெரும்பாலானவர்களுக்கு அது ஒரு குணமும் காட்டாது. தலையிடித்தால் பிறசர், இடிக்காவிட்டால் இல்லை என்று குளிசையை விட்டுவிட்டுப் பக்கவாதம் வந்து படுத்தவர்களைக் கேள்விப்படுகிறோம். 140க்கு 90 அல்லது அதற்கு மேல் திரும்பத் திரும்ப இருந்தால் அது கூடிய பிறசர். அளந்து பார்க்காமல் அறிய வழியில்லை. கருவாடும் ஊறுகாயும் குறைய வேண்டும். கருவாடு போட்டு விற்கும் வீடுகளில் இதைச் சொல்வது கஷ்டம்தான், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

வாயு என்று விடாதீர்கள்

மாரடைப்பு என்றால் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுவார் என்று படங்களில் பார்த்திருக்கிறோம். பெண்களுக்கும் நெஞ்சுதான் பெரும்பாலும் நோகும். பாரம் வைத்தது போல, இறுக்கிப் பிடித்தது போல இருக்கும். ஆனால் நோவு நாடியிலோ, முதுகிலோ, கையிலோ, மேல் வயிற்றிலோ மட்டும் இருக்கவும் கூடும். சத்தி வருமாப்போல் இருக்கும், குளிர்ந்து வியர்க்கும், மூச்செடுக்கக் கஷ்டமாக இருக்கும், இதுவரை இல்லாத ஒரு களைப்பு திடீரென்று வரும். சலரோகம் உள்ளவருக்கு நோவே இல்லாமலும் மாரடைப்பு வரலாம். இஞ்சித் தண்ணீர் குடித்து, சோடா குடித்து, விடியட்டும் பார்ப்போம் என்று இருப்பதில் இருதயத்தின் தசை செத்துப் போகிறது.

1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். 2018 முதல் வடமாகாணத்திலும் இந்தச் சேவை உண்டு. ஓட்டோ பிடிக்கக் காசில்லை, கூட வர ஆம்பிளை இல்லை என்று காத்திருக்க வேண்டிய அவசியமில்லை. குருநகரிலிருந்து போதனா வைத்தியசாலை தூரமும் இல்லை. ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்து ‘ஒன்றுமில்லை’ என்று திருப்பி அனுப்பினால் அதற்காக வெட்கப்படத் தேவையில்லை.

நெஞ்சு திடீரென்று அடித்து, கைவிரல் விறுவிறுத்து, இப்போதே செத்துவிடுவேன் என்ற பயம் வந்து, பத்து இருபது நிமிடத்தில் தணிந்து போவது பதற்றத்தாலும் வரும். ஹெலிகொப்டர் சத்தம், வெடிச் சத்தம், ஆண்டு நினைவு நாள் இவற்றை ஒட்டி அது வரலாம். ஆனால் முதல் தடவை வரும்போது அது பதற்றமா இருதயமா என்று வீட்டிலிருந்து தீர்மானிக்க முடியாது. ஒரு தடவையாவது வைத்தியசாலையில் பார்த்துத் தெளிந்த பிறகே மனம் சம்பந்தமானது என்று சொல்லலாம்.

அப்படித் தெளிந்த பிறகு, மனத்துக்கும் மருந்து தேவைப்படலாம். இரண்டு கிழமைக்கு மேலாக ஒன்றிலும் விருப்பமில்லாமல், விடியப்புறம் மூன்று மணிக்கே விழித்து, சாப்பாடு இறங்காமல், நான் இருந்து என்ன பிரயோசனம் என்ற எண்ணம் வந்தால் அது மனச்சோர்வு நோய். அதைப் பலவீனம் என்றோ விசர் என்றோ சொல்லக் கூடாது. சலரோகக்காரரிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது. மனம் சோர்ந்தவர் குளிசையையும் ஒழுங்காக எடுப்பதில்லை, சீனியும் ஏறும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருப்பது இதனால்தான். சாக வேண்டும் என்ற எண்ணம் ஒருவருக்கு வந்தால் அவரைத் தனியே விடாதீர்கள். போதனா வைத்தியசாலைக்குக் கூட்டிப் போகலாம், 1926 என்ற தேசிய உளநல நிறுவனத்தின் இலக்கத்துக்கும் எந்நேரமும் அழைக்கலாம்.

கிளினிக்குக்குப் போகும்போது ‘களைப்பு’ என்று மட்டும் சொன்னால் வைத்தியருக்கும் பிடிபடாது. எப்போது தொடங்கியது, எந்த வேலை செய்யும்போது கூடுகிறது, நித்திரை எப்படி, கடைசி மாதவிலக்கு எப்போது, உடம்பு மெலிந்ததா, இரண்டு கிழமைக்கு மேல் இருமல் உண்டா என்பவற்றை ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள். எழுதத் தெரியாதவருக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளை எழுதிக் கொடுக்கலாம். குடிக்கும் குளிசைகளை, நாட்டு மருந்து உட்பட, பையோடு கொண்டுபோங்கள். இழந்ததைப் பற்றியும் ஒரு வரி சொல்லுங்கள், ஆனால் அதை முதலில் சொல்ல வேண்டாம். உடம்பின் குறைகளைச் சொல்லி முடித்த பிறகு சொன்னால் இரண்டும் கொப்பியில் ஏறும். முப்பத்தைந்து வயது தாண்டியவர்கள் வருத்தம் வரும்வரை காத்திராமல் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை நடத்தும் வெல் வுமன் கிளினிக்குக்குப் போகலாம். சீனி, பிறசர், மார்பகம், கருப்பைக் கழுத்து எல்லாம் அங்கே இலவசமாகப் பார்க்கிறார்கள். எந்த நாளில் நடக்கிறது என்பதை உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டறியலாம். தனியே போகக் கூச்சமென்றால் ஒழுங்கைக்குள் இருக்கும் நாலு பேராகச் சேர்ந்து போங்கள்.