பிள்ளை பெற்ற பிறகும் வீடியோ கேம்

வீடியோ கேம் சின்னப் பிள்ளை சமாச்சாரம் என்ற எண்ணத்துக்குப் பின்னால் ஒரு கடை வரலாறு இருக்கிறது. 1972-இல் அடாரி நிறுவனத்தின் ‘பாங்’ விளையாட்டுப் பெட்டி முதலில் வைக்கப்பட்ட இடம் கலிபோர்னியாவில் ஒரு மதுக்கடை. காசு போட்டு ஆடியவர்கள் பெரியவர்கள். 1983-இல் அமெரிக்காவில் இந்த வியாபாரம் படுத்துவிட, வீடியோ கேம் என்றாலே கடைக்காரர்கள் கும்பிடு போட்டார்கள். 1985-இல் அங்கே நுழைந்த ஜப்பானின் நிண்டெண்டோ, ஒரு குட்டி ரோபோவையும் கூடச் சேர்த்து, பொம்மைக் கணக்கில் விற்றது. சரக்கு போனது, பொம்மை என்ற பெயரும் நின்றுவிட்டது. 1990-களில் நம்மூருக்கு வந்த ‘டிவி கேம்’ பெரும்பாலும் அந்தப் பெட்டியின் நகல்தான். முழுப்பரீட்சை லீவில் அதில் மேரியோவும் கான்ட்ராவும் ஆடிய பிள்ளைகள் இன்று நாற்பதைத் தொடுகிறார்கள். ஆசை அப்படியே இருக்கிறது. கேலி புதிதாக வந்திருக்கிறது.

விளையாட்டுக்கு இப்படி வயது வரம்பு போடுவது எங்கள் குற்றாலத்து மண்ணுக்குப் பழக்கமானதல்ல. தென்காசியை அடுத்த மேலகரத்தில் பிறந்த திரிகூடராசப்பக் கவிராயர் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாடிய திருக்குற்றாலக் குறவஞ்சியின் நாயகி வசந்தவல்லி, குழந்தையல்ல. காதல் கொள்ளும் வயதுப் பெண். அவள் அறிமுகமாவதே பந்தடித்துக்கொண்டுதான். வளையும் சிலம்பும் ஒலிக்க அவள் ஆடும் வேகத்தைச் சந்தத்திலேயே காட்டுகிறார் கவிராயர். நூலில் பலருக்கும் நினைவில் நிற்கும் பகுதிகளில் அது ஒன்று. அவருக்கும் முன்னால் மாணிக்கவாசகர் திருவம்மானை, திருப்பொன்னூசல், திருப்பூவல்லி என்று மகளிர் விளையாட்டுகளையே பக்திப் பாடலுக்கு வடிவமாக்கினார்.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். சீசன் நேரத்தில் குற்றாலம் மெயின் அருவிக்கு முன் நின்றால் போதும். இடித்துத் தள்ளி உள்ளே புகுந்து, தண்ணீர் தலையில் விழுந்ததும் கூச்சல் போடுகிறவர்களில் பலரும் குடும்பஸ்தர்கள். அதை யாரும் சின்னப்பிள்ளைத்தனம் என்பதில்லை. நோக்கியா போனில் பாம்பை ஓட்டிய மாமாக்களையும் அப்படிச் சொன்னதில்லை.

கேலியையும் வீட்டாரின் கவலையையும் ஒரே பதிலால் சமாளிக்க முடியாது. கல்யாண வீட்டுப் பந்தியில், “என்ன மாப்ள, பிள்ளையும் பெத்தாச்சு, இன்னும் போனை வச்சு வெளையாடிக்கிட்டு இருக்கீரு?” என்று கேட்கும் மாமாவுக்கு விளக்கம் வேண்டியதில்லை. “ஆமா மாமா, பிடிச்சிருக்கு” என்றால் பேச்சு ரசத்துக்குப் போய்விடும். அந்த விளையாட்டின் கதை, இசை, உலகளவில் விற்ற கணக்கு என்று வாதாட இறங்கினால்தான் கேலி நீளும். 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் மின்விளையாட்டுக்கு (இ-ஸ்போர்ட்ஸ்) பதக்கம் கொடுத்தார்கள் என்பதும் அங்கே எடுபடாது. பதக்கத்துக்கு ஆடுகிறவர் வேறு, வேலை முடிந்து வந்து அரை மணி நேரம் ஆடுகிறவர் வேறு.

மனைவியோ அம்மாவோ கேட்பது பெரும்பாலும் கவலையில். எத்தனை மணிக்குப் படுப்பது, எவ்வளவு பணம் போகிறது என்பதே கேள்வி. பல வீடுகளில் ஆன்லைன் ரம்மியும் ஃப்ரீ ஃபயர் மேக்ஸும் ஒரே பெயரில் திட்டு வாங்குகின்றன. 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் ஆன்லைனில் பணம் வைத்து ஆடுவதைத் தடை செய்து, மின்விளையாட்டைத் தனியாக அங்கீகரித்தது. இந்த வேறுபாட்டைச் சொல்லிப் புரியவைக்கலாம். ஆனால் துப்பாக்கிக்கு ‘ஸ்கின்’ மாட்ட டைமண்ட் வாங்கியிருந்தால் அந்தக் கணக்கையும் சேர்த்தே காட்ட வேண்டும்; சூதாட்டம் இல்லை என்றாலும் செலவு செலவுதான். உலக சுகாதார நிறுவனம் 2022 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய்ப் பட்டியலில் ‘விளையாட்டுக் கோளாறு’ இருக்கிறது: கட்டுப்பாடு இழப்பது, மற்ற வேலைகள் பின்னுக்குப் போவது, கெடுதல் தெரிந்தும் தொடர்வது, இவை வழக்கமாக ஓராண்டாவது நீடிப்பது. ஆடுபவரின் வயதோ ஆட்டத்தின் பெயரோ அந்த அளவுகோலில் இல்லை.

கேலி செய்பவர் கையில் போனைக் கொடுத்துப் பார்ப்பது இன்னொரு வழி. பேருந்து ஓட்டும் ‘பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா’ ஆட்டத்தில் தமிழ்நாட்டு அரசுப் பேருந்துகளின் நிறத்தையும் எழுத்தையும் ரசிகர்களே வரைந்து சேர்த்திருக்கிறார்கள். ஓய்வுபெற்ற ஓட்டுநர் ஒருவரிடம் அதைக் கொடுத்தால் சின்னப்பிள்ளைத்தனம் என்ற பேச்சு எழாது. வளைவில் இப்படியா திருப்புவது என்ற திட்டுதான் முதலில் வரும்.