உங்களுக்குத் தெரியுமா? கொடி அசைந்ததும் நின்றுபோன கார்

1950-இல் ஃபார்முலா ஒன் களத்தில் இத்தாலியின் ஆல்ஃபா ரோமியோவை நெருங்க ஆளில்லை. அதை வீழ்த்த பிரிட்டனின் பிஆர்எம் அணி தயாரித்தது 16 சிலிண்டர் எஞ்சின். மொத்தக் கொள்ளளவோ வெறும் 1.5 லிட்டர். அதாவது ஒரு சிலிண்டருக்கு 100 சிசிகூட இல்லை! நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுகளைத் தாண்டிச் சுழலும் அந்த எஞ்சினுக்கு ரோல்ஸ் ராய்ஸ் சூப்பர்சார்ஜர் வேறு. அத்தனை நுணுக்கத்தையும் பராமரிக்க, பல நிறுவனங்களின் நன்கொடையை நம்பியிருந்த சிறு அணியால் முடியவில்லை.

ஆகஸ்ட் மாதம் சில்வர்ஸ்டோனில் முதல் பந்தயம். கொடி அசைந்தது, ஓட்டுநர் ரேமண்ட் சோமர் கிளட்சை விட்டார், சக்கரத்துக்கு விசை போகும் பாகம் முறிந்து, கார் புறப்பட்ட இடத்திலேயே நின்றது. ஏமாந்த ரசிகர்கள் சிலர் காசை விட்டெறிந்தார்கள். உழைத்தவர்களுக்கு அது பெரிய அவமானம்.

1962-இல், எளிய வி8 எஞ்சினுடன், கிரஹாம் ஹில் பிஆர்எம்முக்கு உலகப் பட்டம் வென்று தந்தார். ஆனாலும் 1966-இல் அணி மறுபடி 16 சிலிண்டருக்கே போனது. எடை மிகுந்த அந்த ‘எச்16’ எஞ்சின் வென்ற உலகப் பட்டப் பந்தயம் ஒன்றே ஒன்று: 1966 அமெரிக்க கிராண்ட் பிரி. ஓட்டியவர் ஜிம் கிளார்க். கார், போட்டி அணியான லோட்டஸுடையது.