ஆற்றுப் படத்துக்குக் காசு யாருடையது?

அமெரிக்க ஆறுகளைப் பற்றிய பழைய ஆவணப்படம் எது கிடைத்தாலும், காசு யாருடையது என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.

பேர் லோரென்ட்ஸ் 1930-களில் எடுத்த ‘தி ரிவர்’ மிசிசிப்பி பற்றிய அரைமணி நேரப் படம். மலைச்சரிவில் மரத்தை வெட்டினார்கள், பருத்தியையே திரும்பத் திரும்ப விதைத்தார்கள், மண் கரைந்து ஆற்றோடு போச்சு, வெள்ளம் வந்தது என்று காரணங்களை ஒவ்வொன்றாகக் கோத்துக் காட்டுகிறது. 1937 வெள்ளத்தை நேரில் போய்ப் படம்பிடித்திருக்கிறார்கள். 1938 வெனிஸ் விழாவில் பரிசும் வாங்கியது.

தீர்வாகப் படம் சொல்வது டென்னசி பள்ளத்தாக்கு ஆணையத்தின் அணைகளை. ஆணையமும் அரசுடையது, படத்துக்குப் போட்ட பணமும் அரசுடையது.

அந்த ஆணையம் கட்டிய முதல் அணை நாரிஸ். 1936-இல் முடிந்தது. அதற்காக ஏறத்தாழ 3,000 குடும்பங்கள் வீட்டைக் காலி செய்தன. லாய்ஸ்டன் என்ற ஊரே தண்ணீருக்குள் போனது. அந்த மக்கள் பேசி ஒரு வார்த்தைகூடப் படத்தில் இல்லை. முழுக்க வர்ணனையாளர் குரல்தான்.

அதுக்காகப் படம் பொய் என்று சொல்ல மாட்டேன். மண்ணரிப்பு பற்றிச் சொன்னது நிஜம். ஆனா படம் முடிந்ததும், லூயிஸ் ஹைன் 1933-இல் எடுத்த லாய்ஸ்டன் புகைப்படங்களையும் தேடிப் பாருங்க. அவரை அனுப்பியதும் அதே ஆணையம்தான். அதில் அந்த ஊர் முகங்கள் இருக்கின்றன.