மாத்திரையா? களிம்பா? பெண்களின் வெள்ளைப்படுதலுக்கு எது நல்ல மருந்து?

மும்பை தாராவியிலும் செம்பூரிலும் மருந்துக் கடை வாசலில் காணக்கூடிய காட்சி இது. கணவன் கடைக்காரரின் காதருகே குனிந்து, "வீட்டிலே வெள்ளைப்படுகிறது" என்று தெரிந்த இந்தியில் சொல்கிறார். கடைக்காரர் நாலு மாத்திரைகளைக் கத்தரித்துக் கொடுக்கிறார்.

சில நாளில் குணம் தெரிகிறது. இரண்டு மாதத்தில் மறுபடியும் அதே தொல்லை. "அந்த மருந்து கேட்கவில்லை, வேறு நல்லதாகக் கொடுங்கள்" என்று திரும்பவும் கடைக்கு நடை.

குறை மருந்தில்தானா?

என்ன நோய்?

வெள்ளைப்படுவதெல்லாம் நோய் அல்ல. மாதவிலக்குக்கு இடைப்பட்ட நாட்களில் சிறிது படுவது இயற்கை. சாம்பல் நிறம் கலந்து நீர்த்துப் படுவதும், அதில் மீன் வாடை வீசுவதும், உடலுறவுக்குப் பின் வாடை கூடுவதும்தான் நோயின் அடையாளம். டாக்டர்கள் இதை "பாக்டீரியல் வஜைனோசிஸ்" என்கிறார்கள்.

பெண் உறுப்பில் லாக்டோபாசில்லஸ் என்ற நல்ல கிருமிகள் உண்டு. அவை உண்டாக்கும் அமிலம்தான் அங்கே காவல். நல்ல கிருமிகள் குறைந்து, கார்ட்னரெல்லா முதலிய கிருமிகள் பெருகும்போது இந்த நோய் வருகிறது.

இதை அலட்சியம் செய்யக்கூடாது. இந்த நோய் உள்ள கர்ப்பிணிகளுக்குக் குறைப்பிரசவ அபாயம் அதிகம். எய்ட்ஸ் கிருமி தொற்றும் வாய்ப்பும் கூடுகிறது.

மூன்று வகை

முதலாவது, மெட்ரோனிடசோல் மாத்திரை. சீதபேதிக்குக் கொடுக்கும் அதே மாத்திரைதான். இந்த நோய்க்கும் அது கேட்கும் என்று 1978-ல் அமெரிக்க டாக்டர்கள் எடுத்துக் காட்டினார்கள். வழக்கமாகத் தினம் 2 வேளை, 7 நாள். விலை குறைவு. ஆனால் வாய் கசக்கும், குமட்டும்.

இரண்டாவது, அதே மருந்து கூழ் வடிவில். பெண் உறுப்பின் உள்ளே 5 நாள் செலுத்த வேண்டும். வயிற்றுத் தொந்தரவு குறைவு.

மூன்றாவது, கிளிண்டாமைசின் களிம்பு. இரவில் 7 நாள் உள்ளே செலுத்த வேண்டும். மாத்திரையைவிட விலை அதிகம். இதில் எண்ணெய்ப் பசை இருப்பதால் நிரோத் போன்ற ரப்பர் உறைகளைப் பலவீனப்படுத்திவிடும்.

எது சிறந்தது? 101 பெண்களிடம் இந்த மூன்றையும் ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வு ஒன்று 1995-ல் வெளியானது. மாத்திரையில் 84 சதவீதம், கூழில் 75 சதவீதம், களிம்பில் 86 சதவீதம் பேர் குணமானார்கள். ஒன்றைவிட ஒன்று மேல் என்று சொல்லும் அளவுக்கு வித்தியாசம் இல்லை என்பதே ஆய்வின் முடிவு.

திரும்ப வருவது ஏன்?

குணமான பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ஓர் ஆண்டுக்குள் இந்த நோய் திரும்புகிறது. மருந்தை மாற்றினால் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் கணவனை யாரும் கவனிப்பதில்லை.

ஆஸ்திரேலியாவில் 164 ஜோடிகளிடம் நடந்த ஆய்வின் முடிவு 2025-ல் வெளிவந்தது. பெண்கள் எல்லோருக்கும் சிகிச்சை தரப்பட்டது. ஒரு பிரிவில் மட்டும் ஆண்களுக்கும் 7 நாள் மெட்ரோனிடசோல் மாத்திரையும், ஆண் உறுப்பில் தடவ கிளிண்டாமைசின் களிம்பும் கொடுத்தார்கள்.

12 வாரத்தில், பெண்ணுக்கு மட்டும் மருந்து தந்த பிரிவில் 63 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது. இருவருக்கும் தந்த பிரிவில் அது 35 சதவீதம்தான்.

முன்பு ஆண்களுக்கு மாத்திரை மட்டும் கொடுத்துப் பார்த்தபோது பெரிய பலன் கிடைக்கவில்லை. அதனால் கணவனுக்கு மருந்து தேவையில்லை என்றே டாக்டர்கள் கருதி வந்தார்கள். மாத்திரையும் களிம்பும் சேர்ந்தபோதுதான் பலன் தெரிந்தது.

ஆகவே "உனக்குச் சுத்தம் போதாது" என்று மனைவியைக் கடிந்துகொள்வது தவறு. நோய்க் கிருமி கணவன் உடம்பிலும் தங்கியிருக்கலாம்.

செய்ய வேண்டியது

கடையில் கேட்டு மருந்து வாங்க வேண்டாம். தயிர்த் திப்பி போல வெள்ளைப்பட்டு அரிப்பும் இருந்தால் அது பெரும்பாலும் காளான் நோய். அதற்கு மேலே சொன்ன மருந்துகள் உதவாது. நோயைக் கூட்டவும் செய்யலாம். டாக்டர் பரிசோதித்தால்தான் வித்தியாசம் தெரியும்.

வாடை நின்றதும் மருந்தை நிறுத்தக்கூடாது. சொன்ன நாள் வரை சாப்பிட வேண்டும். சோப்பு, கிருமிநாசினி கொண்டு உள்ளே கழுவக்கூடாது. நல்ல கிருமிகளும் போய்விடும். கர்ப்பமாக இருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

மொழி தெரியாத ஊரில் பெண்கள் இதைத் தனியாகப் போய்ச் சொல்வது கடினம். சயான் ஆஸ்பத்திரிக்கோ பக்கத்து டாக்டரிடமோ மனைவியை அழைத்துப் போகும் கணவன், மொழிபெயர்த்துவிட்டு வெளியே போய் நிற்கிறார். அவரும் உள்ளேயே உட்கார்ந்து, "எனக்கும் மருந்து தேவையா?" என்று கேட்பது நல்லது. வேலைக்கு அரை நாள் லீவு போனாலும் பரவாயில்லை. மாதாமாதம் மருந்துக் கடைக்கு நடப்பது மிச்சம்.