எது கொன்றை?

சித்திரை வெயில் ஏறியதும் தெருவில் மஞ்சளாய்ப் பூத்து நிற்கும் மரத்தையெல்லாம் கொன்றை என்று சொல்லிவிடுகிறோம். நகரங்களில் அவற்றில் பல இயல்வாகையாகத்தான் இருக்கும். பெருங்கொன்றை என்றும் அதற்குப் பெயர் உண்டு. இலங்கை தொடங்கி வட ஆஸ்திரேலியா வரையிலான கடலோரங்களின் மரம். நிழலுக்காகச் சாலையோரங்களில் நட்டார்கள். சிவனுக்குச் சூட்டும் கொன்றை வேறு. அது சரக்கொன்றை, நம் இலையுதிர் காடுகளிலேயே வளர்வது.

பூ இருக்கும்போது பிரித்தறிவது எளிது. சரக்கொன்றையில் பூங்கொத்து முழ நீளத்துக்குக் கீழ்நோக்கித் தொங்கும். இயல்வாகையில் கிளை நுனியில் நிமிர்ந்து நிற்கும், மொட்டுகள் துருப்பிடித்த நிறத்தில் இருக்கும். பூ உதிர்ந்த பிறகு காயைப் பாருங்கள். இயல்வாகைக்குச் செம்பு நிறத்தில் தட்டையான காய்கள். சரக்கொன்றைக்கு இரண்டடி வரை நீளும் கறுத்த உருளைகள்.

பூவும் காயும் இல்லாத நாளில் இலைதான் துணை. ஒரு காம்பில் வரிசையாகப் பல இலைகள் தெரிந்தால், அவை தனித்தனி இலைகளா, எல்லாம் சேர்ந்து ஒரே கூட்டிலையா என்ற குழப்பம் வரும். காம்பு கிளையோடு சேரும் கக்கத்தில் ஒரு சிறு மொட்டு இருக்கும்; அங்கேதான் ஓர் இலை தொடங்குகிறது. சிற்றிலைகளின் அடியில் மொட்டு இருக்காது. இது பிடிபட்டுவிட்டால் வேம்பு, புங்கை, புளி எல்லாமே கூட்டிலை மரங்கள் என்பதும், பூவரசும் அரசும் தனியிலை மரங்கள் என்பதும் தானே விளங்கும். சரக்கொன்றையின் கூட்டிலையில் நான்கு முதல் எட்டு இணைச் சிற்றிலைகள், ஒவ்வொன்றும் உள்ளங்கை நீளம். இயல்வாகையின் காம்போ கிளைத்து, மறுபடி கிளைத்து, பொடி இலைகளாகப் பிரியும். செந்நிறப் பூ பூக்கும் மடகாஸ்கர் மரமான குல்மோகரும் அப்படியே.

சரக்கொன்றைப் பூ ஒன்றைக் கையில் எடுத்து உள்ளே பாருங்கள். பத்து மகரந்தக் கேசரங்கள். மூன்று நீண்டு, வளைந்து, மேல்நோக்கி நிமிர்ந்திருக்கும். நான்கு நடுத்தரம். மீதி மூன்று மிகச் சிறியவை. இந்தப் பூவில் தேன் இல்லை, மகரந்தம்தான் உணவு. பெரிய கருவண்டு வந்து நடுத்தரக் கேசரங்களைப் பற்றிக்கொண்டு உடலை அதிரவைக்கும். ரீங்காரம் அந்த நேரத்தில் மட்டும் சட்டென்று உயர்வதைக் காதாலேயே கேட்கலாம். கேசரங்களின் சிறு துளைகள் வழியே மகரந்தம் தெறிக்கிறது. வண்டு அதைச் சேர்த்துக்கொண்டிருக்க, நீண்ட கேசரங்கள் அதன் உடம்பில், எளிதில் துடைத்துக்கொள்ள முடியாத இடத்தில், வேறு மகரந்தத்தைப் பூசிவிடுகின்றன. அதுதான் அடுத்த பூவுக்குப் போய்ச் சேரும். ஒரே பூவுக்குள் சில கேசரங்கள் விருந்துக்கு, சில கேசரங்கள் விதைக்கு என்ற இந்த வேலைப் பிரிவினையை, பிரேசிலில் வாழ்ந்த ஜெர்மானிய இயற்கையியலாளர் ஃபிரிட்ஸ் முல்லர் 1880களில் விளக்கினார். இவ்வளவும் நம் தெருமுனையில் நடக்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்பு.

இந்த மரத்தை நம்பிப் பிழைப்பவை வேறும் உண்டு. கொன்னை வெள்ளையன் என்ற வண்ணத்துப்பூச்சி இதன் தளிரில் முட்டையிடும். புழுக்கள் இலையைத் தின்று தீர்த்ததும் பதறிப்போய் மருந்து அடிப்பவர்கள் உண்டு. வேண்டாம், மரம் மறுபடி துளிர்த்துவிடும். காயின் கரிய, இனித்த சதையைக் காட்டில் கரடி விரும்பித் தின்கிறது. முதுமலைக் கரடிகளின் உணவில் இதற்கு இடமுண்டு. சித்த மருத்துவத்தில் அதே சதை மலமிளக்கி.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது சாய்ந்தவற்றில் இயல்வாகையும் குல்மோகரும் ஏராளம். அதன் பிறகு நாட்டு மரம் கேட்டு நாற்றுப் பண்ணைக்குப் போகிறவர்கள் கூடியிருப்பது நல்ல செய்தி. ஆனால் அங்கே கொன்றை என்று மட்டும் கேட்டால் எதுவும் கைக்கு வரலாம். வாங்குமுன் ஓர் இலையைத் தூக்கிப் பாருங்கள். காம்பு ஒரே தண்டாக நீண்டு, இருபுறமும் அகன்ற சிற்றிலைகள் இணை இணையாக இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். காம்பு மேலும் கிளைத்துப் பொடி இலைகளாகப் பிரிந்தால், அந்த நாற்று சரக்கொன்றை இல்லை.