மக்காச்சோளமும் தற்கால உணவும்

மக்காச்சோளம் என்பது புல் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு தானியப் பயிர் ஆகும். இதன் தாவரவியல் பெயர் சியா மேய்ஸ். உலகில் ஆண்டுதோறும் 100 கோடி டன்னுக்கும் மேல் விளையும் இத்தானியம், விளைச்சலின் எடையில் நெல்லையும் கோதுமையையும் முந்தி நிற்கிறது. எனினும் இதில் மனிதர் நேரடியாகத் தானியமாக உண்பது ஒரு சிறு பகுதியே. பெரும்பகுதி கால்நடைத் தீவனமாகவும் கோழித் தீவனமாகவும், எத்தனால், மாவுப்பொருள், சோளப்பாகு ஆகியவற்றுக்கான மூலப்பொருளாகவும் பயன்படுகிறது. ஆகவே மக்காச்சோளக் கதிரைக் கையால் தொட்டிராத ஒருவரும் முட்டை, இறைச்சி, பிஸ்கட்டு, மாத்திரை ஆகியவற்றின் வழியாக அதை நுகர்ந்துகொண்டிருக்கக்கூடும்.

பெயர்

தமிழில் சோளம் என்பது நெடுங்காலமாக வேறொரு தானியத்தைக் குறிக்கும் சொல். உருண்டையான சிறு மணிகளைக் கொண்ட அச்சோளமும் மக்காச்சோளமும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை எனினும் வெவ்வேறு பயிர்கள். இலங்கையில் மக்காச்சோளத்தைச் சோளன் என வழங்குவதும் உண்டு. சோளப்பொரி, சோள எண்ணெய், சோள மாவு எனக் கடைகளில் வழங்கும் பெயர்களில் உள்ள சோளம் பெரும்பாலும் மக்காச்சோளமே. ஊட்டச்சத்து பற்றிப் படிக்கும்போது எந்தச் சோளத்தின் அளவுகள் தரப்பட்டுள்ளன என்பதைக் கவனித்தல் வேண்டும்.

தோற்றம்

மெக்சிக்கோவின் தென்மேற்கில் உள்ள பால்சாசு ஆற்றுப் பள்ளத்தாக்கில் சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன் தியோசிந்தே என்னும் காட்டுப் புல்லிலிருந்து மனிதர் தெரிந்தெடுத்து வளர்த்ததே மக்காச்சோளம் ஆகும். தியோசிந்தேயின் கதிரில் கடினமான ஓடு மூடிய சில மணிகளே இருக்கும். இன்றைய கதிரில் நூற்றுக்கணக்கான மணிகள் ஓடின்றி அமைந்துள்ளன. இம்மணிகள் தாமாக உதிர்வதில்லை. மனிதர் விதைக்காவிடில் இப்பயிர் தொடர்ந்து வாழ இயலாது. 1492-இல் கொலம்பசு அமெரிக்கா சென்றடைந்த பின்னர் இது ஐரோப்பா, ஆப்பிரிக்கா, ஆசியா ஆகிய கண்டங்களுக்குப் பரவியது.

ஊட்டச்சத்து

100 கிராம் உலர்ந்த மஞ்சள் மக்காச்சோளத்தில் சுமார் 365 கிலோகலோரி ஆற்றல், 74 கிராம் மாவுச்சத்து, 9 கிராம் புரதம், 5 கிராமுக்குச் சற்றுக் குறைவான கொழுப்பு, 7 கிராம் நார்ச்சத்து ஆகியவை உள்ளன. வேகவைத்து உண்ணப்படும் இனிப்புச் சோளம் இளம் பருவத்திலேயே பறிக்கப்படுவதால் அதில் நான்கில் மூன்று பங்கு நீரே. 100 கிராமில் ஏறத்தாழ 86 கிலோகலோரி மட்டுமே உள்ளது. மஞ்சள் வகைகளில் கண்ணின் விழித்திரைக்குத் தேவையான லூட்டின், சியாசாந்தின் ஆகிய நிறமிகள் உள்ளன. சியாசாந்தின் என்ற பெயரே இப்பயிரின் தாவரவியல் பெயரிலிருந்து வந்ததாகும். வெள்ளை வகைகளில் இந்நிறமிகள் மிகக் குறைவு.

கடைகளில் கார்ன் ஃபிளவர் என்ற பெயரில் இந்தியாவில் விற்கப்படும் வெண்ணிறப் பொடி முழுத் தானியத்தின் மாவு அன்று. அது பிரித்தெடுக்கப்பட்ட மாவுப்பொருள் மட்டுமே. புரதமும் நாரும் அதில் ஏறக்குறைய இல்லை எனலாம்.

மக்காச்சோளப் புரதத்தில் லைசின், டிரிப்டோபான் ஆகிய இரு அமினோ அமிலங்கள் குறைவாக உள்ளன. பருப்பு வகைகளில் லைசின் மிகுதி. மெக்சிக்கோவின் பழங்குடி உழவர்கள் ஒரே வயலில் மக்காச்சோளத்தையும் பீன்சையும் பூசணியையும் சேர்த்துப் பயிரிட்டு, அவற்றைச் சேர்த்தே உண்டது இக்குறையை ஈடுசெய்தது. 1960-களில் ஐக்கிய அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் எட்வின் மெர்ட்சும் உடன் ஆய்வாளர்களும், ஒபேக்-2 என்னும் இயற்கையான மரபணு வேறுபாடு லைசினின் அளவை உயர்த்துவதைக் கண்டறிந்தனர். ஆனால் அவ்வகையின் மணிகள் மென்மையாக இருந்தன, விளைச்சலும் குறைவு. மெக்சிக்கோவில் உள்ள பன்னாட்டு மக்காச்சோள, கோதுமை மேம்பாட்டு மையத்தில் இந்தியரான சுரிந்தர் வாசலும் மெக்சிக்கோவைச் சேர்ந்த எவாங்கெலினா வில்லேகாசும் பல்லாண்டு உழைத்து அக்குறைகளை நீக்கினர். இதற்காக 2000-ஆம் ஆண்டின் உலக உணவுப் பரிசு இருவருக்கும் வழங்கப்பட்டது. இது வழக்கமான கலப்பு முறையில் உருவாக்கப்பட்டதே. இதில் மரபணுப் பொறியியல் இல்லை.

பெலாகரா நோய்

நியாசின் என்னும் பி3 உயிர்ச்சத்துக் குறைவால் வரும் நோய் பெலாகரா ஆகும். வெயில் படும் இடங்களில் தோல் கருத்து உரிதல், வயிற்றுப்போக்கு, மனக்குழப்பம் ஆகியவை இதன் அறிகுறிகள்; மருத்துவம் செய்யாவிடில் இறப்பு நேரும். 1735-இல் ஸ்பெயினின் மருத்துவர் காசுபார் காசால் இந்நோயை விவரித்தார். 1771-இல் இத்தாலியில் இதற்குப் பெலாகரா என்ற பெயர் வழங்கப்பட்டது. மக்காச்சோளம் ஏழைகளின் முதன்மை உணவாகிய இடங்களிலெல்லாம் இந்நோயும் தோன்றியது. ஆனால் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அதையே உண்டுவந்த மெக்சிக்கோ மக்களிடம் இது காணப்படவில்லை.

இதற்கான விடை சமையல் முறையில் இருந்தது. மெக்சிக்கோவிலும் நடு அமெரிக்காவிலும் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு அல்லது சாம்பல் கலந்த நீரில் வேகவைத்து, இரவு முழுவதும் ஊறவிட்டு, தோலை நீக்கி அரைப்பது வழக்கம். இம்முறை நிக்சுதமலாக்கம் எனப்படுகிறது. மெக்சிக்கோவின் தோர்த்தியா ரொட்டி இம்மாவில் செய்யப்படுவதே. பயன்படும் சுண்ணாம்பு, நம் நாட்டில் வெற்றிலையுடன் சேர்க்கும் அதே நீற்றிய சுண்ணாம்பு ஆகும். மக்காச்சோளத்தில் உள்ள நியாசினின் பெரும்பகுதி வேறு சேர்மங்களுடன் பிணைந்துள்ளதால் குடலால் உறிஞ்சப்படுவதில்லை. காரத்தன்மை கொண்ட நீர் அப்பிணைப்பை அறுத்து நியாசினை விடுவிக்கிறது. கூடவே கால்சியமும் சேருகிறது. கடல் கடந்து சென்றது தானியம் மட்டுமே. இச்சமையல் முறை உடன் செல்லவில்லை.

ஓர் எளிய கணக்கால் இதை விளங்கிக்கொள்ளலாம். வளர்ந்த ஆண் ஒருவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 16 மில்லிகிராம் நியாசின் தேவை. நாளொன்றுக்கு 500 கிராம் உலர் மக்காச்சோளம் மட்டும் உண்ணும் ஒருவருக்கு 1,800 கிலோகலோரிக்கு மேல் கிடைக்கும். அதில் உள்ள மொத்த நியாசின் ஏறத்தாழ 18 மில்லிகிராம். ஏட்டளவில் இது போதுமானதே. ஆனால் பிணைந்த பகுதி வீணாகிறது. உடல் 60 மில்லிகிராம் டிரிப்டோபானிலிருந்து 1 மில்லிகிராம் நியாசினை ஆக்கிக்கொள்ள வல்லது. எனினும் இவ்வுணவில் உள்ள 335 மில்லிகிராம் டிரிப்டோபானிலிருந்து 6 மில்லிகிராம்கூடக் கிடைக்காது. வயிறு நிறைந்தும் நோய் வருவது இவ்வாறே.

ஐக்கிய அமெரிக்காவின் தென் மாநிலங்களில் 20-ஆம் நூற்றாண்டின் முதல் நாற்பது ஆண்டுகளில் சுமார் 30 இலட்சம் பேர் பெலாகராவுக்கு உள்ளாகி, ஏறத்தாழ 1 இலட்சம் பேர் இறந்ததாக மதிப்பிடப்படுகிறது. இது தொற்றுநோய் என்றே பலரும் நம்பினர். 1914-இல் இதை ஆராய அமர்த்தப்பட்ட அரசு மருத்துவர் சோசப் கோல்டுபெர்கர், விடுதிகளிலும் மருத்துவமனைகளிலும் நோயாளிகளுக்கு மட்டுமே நோய் வருவதையும் பணியாளர்களுக்கு வராததையும் கவனித்தார். 1915-இல் மிசிசிப்பி மாநிலச் சிறைப் பண்ணையில் விடுதலை வாக்களிக்கப்பட்ட 11 கைதிகளுக்கு மக்காச்சோளம் மிகுந்த உணவு அளிக்கப்பட்டபோது, 6 பேருக்கு நோய் தோன்றியது. இன்றைய ஆய்வு அறம் இதை ஏற்காது. அடுத்த ஆண்டு அவரும் அவருடைய மனைவியும் உடன் பணியாற்றியோரும் நோயாளிகளின் இரத்தத்தையும் கழிவுகளையும் தம் உடலில் செலுத்திக்கொண்டு, இது தொற்றாது என மெய்ப்பித்தனர். கோல்டுபெர்கர் 1929-இல் காலமானார். 1937-இல் கான்ராடு எல்வெகெம், நாய்களுக்கு வரும் இதனையொத்த நோயை நிக்கோட்டினிக் அமிலம் குணப்படுத்துவதைக் கண்டார். நியாசின் என்பது அதன் மற்றொரு பெயர்.

நோய் வரலாற்றோடு முடிந்துவிடவில்லை. 1990-இல் மலாவியில் தங்கியிருந்த மொசாம்பிக் ஏதிலிகளுக்கு நிவாரண உணவாக மக்காச்சோளம் வழங்கப்பட்டது. அதனுடன் கொடுத்துவந்த நிலக்கடலை நின்றுபோனதும் 18,000-க்கும் மேற்பட்டோர் பெலாகராவுக்கு உள்ளாயினர்.

இந்தியாவில் தக்காணப் பகுதியில் சோளத்தை முதன்மை உணவாகக் கொண்டோரிடையே இந்நோய் காணப்பட்டது. ஐதராபாத்தில் சி. கோபாலனும் எஸ். ஜி. ஸ்ரீகாந்தியாவும் 1960-இல், அத்தானியத்தில் மிகுந்துள்ள லியூசின் என்னும் அமினோ அமிலம் இதற்குக் காரணமாகலாம் எனக் கூறினர். இக்கருத்து அறிஞரிடையே முழுமையாக ஏற்கப்படவில்லை.

மறைமுக நுகர்வு

மக்காச்சோள மாவுப்பொருளை நொதிகளால் உடைத்தால் குளுக்கோசு கிடைக்கிறது. மற்றொரு நொதி குளுக்கோசின் ஒரு பகுதியைப் பிரக்டோசாக மாற்றுகிறது. இவ்வாறு பெறப்படும் பிரக்டோசு மிகு சோளப்பாகில் 42 அல்லது 55 விழுக்காடு பிரக்டோசு இருக்கும். கரும்புச் சர்க்கரையில் இது சரிபாதி. எனவே உடலுக்கு இரண்டும் பெரிதும் வேறுபட்டவை அல்ல. உண்ணும் அளவே முதன்மையானது. ஐக்கிய அமெரிக்காவில் சர்க்கரை இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் சர்க்கரை விலை உயர்ந்திருந்தமையால், 1984 வாக்கில் பெரிய குளிர்பான நிறுவனங்கள் அங்கு இப்பாகுக்கு மாறின. கரும்பு விளையும் இந்தியாவில் குளிர்பானங்கள் பெரிதும் கரும்புச் சர்க்கரையிலேயே செய்யப்படுகின்றன.

மால்டோடெக்சுட்ரின், டெக்சுட்ரோசு, சார்பிட்டால் ஆகியவற்றுக்கும் மக்காச்சோளமே பெரும்பாலும் மூலம். தமிழ்நாட்டைப் பொறுத்தவரை மிகப் பெரிய மறைமுக வழி கோழித் தீவனமே. நாமக்கல் வட்டாரத்து முட்டைப் பண்ணைகளின் தீவனத்தில் மக்காச்சோளம் முதன்மையான கூறாகும்.

ஒவ்வாமையும் ஏற்காமையும்

மக்காச்சோள ஒவ்வாமை உண்டு; ஆனால் பால், முட்டை, நிலக்கடலை ஆகியவற்றின் ஒவ்வாமையை விட அரிது. இதற்குக் காரணமான புரதங்களுள் முதன்மையானது கொழுப்பு கடத்து புரதம் ஆகும். இது வெப்பத்தால் எளிதில் அழிவதில்லை. ஆகவே வேகவைத்தாலும் ஒவ்வாமை நீங்காது. பீச் பழத்தில் உள்ள இதனையொத்த புரதத்துக்கு ஒவ்வாமை உள்ளவர் சிலருக்கு மக்காச்சோளமும் ஒத்துக்கொள்வதில்லை.

இத்தகையோருக்குச் சிக்கல், பொட்டலத்தில் மக்காச்சோளம் என எழுதப்படாமல் அது உணவில் இருப்பதே. ஐக்கிய அமெரிக்கச் சட்டப்படி கட்டாயம் குறிப்பிட வேண்டிய ஒவ்வாமைப் பொருள்கள் 2004-இல் எட்டாக வரையறுக்கப்பட்டு, 2023 முதல் எள்ளுடன் ஒன்பதாயின. இந்தியாவிலும் ஒரு பட்டியல் உள்ளது. இரண்டிலும் மக்காச்சோளம் இடம்பெறவில்லை. நன்கு தூய்மையாக்கப்பட்ட பாகிலும் மாவுப்பொருளிலும் புரதம் மிகச் சிறிதே எஞ்சுவதால் பலருக்கு அவை தீங்கு செய்வதில்லை.

சார்பிட்டால் அல்லது மிகுதியான பிரக்டோசு சிலருக்கு வயிற்று உப்புசத்தையும் பேதியையும் உண்டாக்கும். இது ஒவ்வாமை அன்று. செரிமான ஏற்காமை மட்டுமே. கோதுமைப் பசையத்தால் வரும் சீலியாக் நோய் உள்ளவர்கள் பொதுவாக மக்காச்சோளத்தை உண்ணலாம். அரைக்கும் ஆலையில் கோதுமை மாவு கலந்துவிடாமல் இருத்தல் வேண்டும்.

பூஞ்சை நஞ்சு

ஈரத்துடன் சேமிக்கப்படும் மக்காச்சோளத்தில் வளரும் ஒருவகைப் பூஞ்சை, அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சைச் சுரக்கிறது. 1974-ஆம் ஆண்டின் இறுதியில் இராசத்தான், குசராத்து எல்லையோரப் பழங்குடி ஊர்களில், காலந்தவறிய மழையில் நனைந்த மக்காச்சோளத்தை உண்டவர்களுக்குக் கடும் மஞ்சட்காமாலை தோன்றியது. மருத்துவமனைக் கணக்கில் வந்த 397 பேரில் 106 பேர் இறந்தனர். அதே உணவைத் தின்ற நாய்களும் இறந்தன. 2004-இல் கென்யாவில் இவ்வாறே 125 பேர் உயிரிழந்தனர். சிறிய அளவில் நெடுநாள் உட்கொண்டால் இந்நஞ்சு கல்லீரல் புற்றுநோயை உண்டாக்கவல்லது. சமைப்பதால் இது முற்றிலும் அழிவதில்லை. நன்கு உலர்த்திச் சேமிப்பதே தடுப்பு முறை. பொது விவாதங்களில் மரபணு மாற்றம் பெறும் கவனத்தில் ஒரு சிறு பங்கும் இதற்குக் கிட்டுவதில்லை.

மரபணு மாற்றம்

மரபணு மாற்றப்பட்ட மக்காச்சோளம் 1996-இல் ஐக்கிய அமெரிக்காவில் வணிக முறையில் பயிரிடப்படத் தொடங்கியது. இன்று அங்குள்ள மக்காச்சோளப் பரப்பில் 90 விழுக்காட்டுக்கும் மேல் இவ்வகையே. முதன்மையான மாற்றங்கள் இரண்டு. ஒன்று, பேசில்லசு துரிஞ்சியென்சிசு என்னும் மண் பாக்டீரியாவின் மரபணுவைச் சேர்த்துத் தண்டுத் துளைப்பான் புழுக்களைக் கொல்லும் புரதத்தைச் செடியே ஆக்கச் செய்வது. இது பி.டி. எனப்படுகிறது. மற்றொன்று, கிளைபோசேட்டு போன்ற களைக்கொல்லியைத் தெளித்தாலும் பயிர் மடியாதிருக்கச் செய்வது. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதி வாதிடுவதால் குழப்பமே மிஞ்சுகிறது. முதலாவது பூச்சிமருந்துத் தேவையைக் குறைக்கிறது. இரண்டாவது களைக்கொல்லிப் பயன்பாட்டையே அடிப்படையாகக் கொண்டது.

பி.டி. புரதம் புழுக்களின் காரத்தன்மை கொண்ட குடலில் குறிப்பிட்ட ஏற்பிகளுடன் இணைந்து துளையிடுகிறது. மனிதக் குடலில் அவ்வேற்பிகள் இல்லை. புழுத் துளைகள் குறைவதால் அவற்றின் வழியே நுழையும் பூஞ்சையும், அது சுரக்கும் ஃபியூமோனிசின் நஞ்சும் குறைவது பல ஆய்வுகளில் காணப்பட்டுள்ளது.

ஒவ்வாமை பற்றிய அச்சத்துக்கு வலுவான காரணமாக அமைந்தது ஸ்டார்லிங்க் என்னும் வகை. இதில் இருந்த பி.டி. புரதம் எளிதில் செரிக்காததாக இருந்தமையால் 1998-இல் கால்நடைத் தீவனத்துக்கு மட்டுமே அனுமதி தரப்பட்டது. 2000-ஆம் ஆண்டு செப்டம்பரில் அது மனித உணவில் கலந்திருப்பது தெரியவந்து, 300-க்கும் மேற்பட்ட பொருள்கள் திரும்பப் பெறப்பட்டன. உடல்நலக் குறைவு ஏற்பட்டதாக முறையிட்டவர்களின் குருதியை அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2001-இல் சோதித்தது; அப்புரதத்துக்கு எதிரான ஒவ்வாமை எதிர்ப்பொருள் எவரிடமும் காணப்படவில்லை. எனினும் தீவனத்தையும் உணவையும் சேமிப்புக் கிடங்கில் பிரித்து வைக்க இயலும் என்ற எண்ணம் பொய்த்தது. அதன்பின் தீவனத்துக்கு மட்டும் என அனுமதி தரும் முறை அங்குக் கைவிடப்பட்டது.

2012-இல் பிரான்சைச் சேர்ந்த செராலினி குழுவினர், ஒரு மரபணு மாற்ற மக்காச்சோளத்தைத் தின்ற எலிகளுக்குக் கட்டிகள் தோன்றியதாக வெளியிட்ட கட்டுரை, எலிகளின் எண்ணிக்கை போதாமை முதலிய காரணங்களால் 2013-இல் அவ்விதழால் விலக்கிக்கொள்ளப்பட்டு, 2014-இல் வேறோர் இதழில் மீண்டும் வெளிவந்தது. விற்பனையில் உள்ள மரபணு மாற்ற உணவுகள் ஏனையவற்றை விடத் தீங்கானவை என்பதற்கு உறுதியான சான்று இல்லை என அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்களின் 2016-ஆம் ஆண்டு அறிக்கை கூறியது. பூச்சிகள் எதிர்ப்பாற்றல் பெறுவதோ மெய்யான சிக்கல். அயோவா மாநிலத்தில் வேர்ப்புழு பி.டி. மக்காச்சோளத்தைத் தாங்கி வாழ்வது 2011-இல் பதிவானது.

உரிமையும் பசியும் மோதிய நிகழ்வு 2002-இல் சாம்பியாவில் நடந்தது. கடும் வறட்சியின்போது வந்த அமெரிக்க மக்காச்சோளத்தை, மரபணு மாற்றப்பட்டதென்ற காரணத்தால் அதிபர் லெவி முவனவாசா மறுத்தார். விதையாகப் பயன்படாதவாறு மாவாக்கித் தருவதை அண்டை நாடுகள் சில ஏற்றன. சாம்பியா அதையும் ஏற்கவில்லை.

மெக்சிக்கோவின் நிலை வேறு. அங்கு உழவர்கள் பல்வேறு நாட்டு வகைகளைத் தாமே விதை எடுத்துப் பயிரிடுகின்றனர். காற்றில் பரவும் மகரந்தத்தால் அவை கலப்புறும் என்பதே அச்சம். 2013 முதல் நீதிமன்ற ஆணையால் மரபணு மாற்ற மக்காச்சோளப் பயிரிடல் நிறுத்தப்பட்டது. 2023-இல் தோர்த்தியா மாவில் அதைப் பயன்படுத்தவும் அரசு தடை விதித்தது. அத்தடைக்கு அறிவியல் அடிப்படை இல்லை என வணிக ஒப்பந்தத் தீர்ப்பாயம் 2024 டிசம்பரில் கூறியது. உணவுத் தடையை விலக்கிக்கொண்ட மெக்சிக்கோ, 2025 மார்ச்சில் பயிரிடுவதற்கான தடையை அரசியலமைப்பிலேயே சேர்த்தது. இறக்குமதி தொடர்கிறது.

இந்தியாவில் 2025 வரை மரபணு மாற்ற மக்காச்சோளத்தை வணிக முறையில் பயிரிட அனுமதி வழங்கப்படவில்லை. 2021 மார்ச் முதல், இறக்குமதியாகும் மக்காச்சோளம் உள்ளிட்ட 24 உணவுப் பயிர்களுக்கு அவை மரபணு மாற்றப்படாதவை என்னும் சான்றிதழ் தேவை. 1 விழுக்காடு வரை தற்செயலான கலப்பு ஏற்கப்படுகிறது. 2018-இல் கர்நாடகத்தில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட அமெரிக்கப் படைப்புழு அதே பருவத்தில் தமிழ்நாட்டின் மக்காச்சோள வயல்களையும் பெரிதும் அழித்தபோது, பி.டி. வகை வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. ஆனால் இப்புழுவே பிரேசிலில் ஒரு பி.டி. புரதத்துக்கு எதிர்ப்பாற்றல் பெற்றுவிட்டது. எத்தனால் ஆலைகளின் தேவையும் கூடியதால், மக்காச்சோளத்தை ஏற்றுமதி செய்துவந்த இந்தியா 2024-இல் மியான்மர், உக்ரைன் ஆகிய நாடுகளிலிருந்து அதை வாங்கியது.